புல் கருகினால் வெயிலைத் திட்டலாமா?

கேள்வி: இரண்டு கறவை மாடுகள் வைத்திருக்கிறோம். 20 சென்ட் நிலத்தில் கோ-4 தீவனப்புல் போட்டு மூன்று வருடம் ஆகிறது. பங்குனி பிறந்தால் போதும், இலை நுனி கருகுகிறது. தூர் கட்டுவதில்லை. அறுத்துப் போட்டால் மாடு பாதியை ஒதுக்கிவிடுகிறது. ஓசோனில் ஓட்டை விழுந்து புற ஊதாக் கதிர் நேராக இறங்குவதுதான் காரணம், பச்சை நிழல்வலை போட்டால் சரியாகிவிடும் என்று சொல்கிறார்கள். கிடேரியை விற்று வலை போடலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. என்ன செய்யலாம்?

வாசகி, செம்மங்குப்பம், கடலூர் மாவட்டம்

கிடேரியை விற்க வேண்டாம். விளக்கத்தைப் பிறகு நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். அதற்குள் கன்று சந்தைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக இதை முதலில் சொல்லவேண்டியிருக்கிறது.

வலை போடச் சொன்னவர்கள் முழுக்கப் பொய் சொல்லவில்லை. வெயிலில் புற ஊதாக் கதிர் இருக்கிறது. அது பயிரைப் பாதிக்கவும் செய்கிறது. கடலூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே பன்னிரண்டு பாகைக்குள் இருக்கும் ஊர். ஏப்ரல் 20-ஐ ஒட்டி ஒருமுறை, ஆகஸ்ட் 22-ஐ ஒட்டி இன்னொரு முறை, நண்பகலில் சூரியன் அங்கே நேர் உச்சிக்கு வரும். அந்த நாட்களில் வானம் தெளிவாக இருந்தால், உலக சுகாதார நிறுவனம் வகுத்த யு.வி. குறியீட்டில் 11-ஐத் தாண்டுவது தென்னிந்தியாவில் சாதாரணம். அந்தக் குறியீட்டில் 11-க்கு மேல் போனால் 'மிகக் கடுமை' என்று பெயர்.

இதற்கும் ஓசோன் ஓட்டைக்கும் சம்பந்தமில்லை. ஓட்டை என்று சொல்லப்படுவது தென்துருவத்தில், அண்டார்டிகா கண்டத்துக்கு மேலே, ஆண்டுதோறும் அங்கே வசந்தகாலம் வரும்போது ஓசோன் மெலிந்துபோவதைத்தான். 1985-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் அதை வெளியுலகுக்குச் சொன்னார்கள். 1987-இல் மான்ட்ரியல் நகரில் உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டு, ஓசோனைத் தின்னும் வாயுக்களைப் படிப்படியாக நிறுத்தின. தமிழ்நாட்டுக்கு மேலே ஓட்டை எதுவும் விழவில்லை. வெப்ப மண்டலத்தில் ஓசோன் படலம் இயற்கையிலேயே மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் மெல்லியது. சூரியனும் தலைக்கு மேலே நிற்கிறது. அதனால் புற ஊதாக் கதிர் இங்கே என்றைக்குமே அதிகம்தான். தாத்தா காலத்திலும் இப்படித்தான் இருந்தது.

அந்த வெயிலில் வளரவே பிறந்த பயிர்தான் கம்பு-நேப்பியர் ஒட்டுப்புல். கம்பும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, நேப்பியர் புல்லும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. நேப்பியர் என்பது அங்கே புலவாயோ ஊரில் இருந்த ஒரு கர்னலின் பெயர். இரண்டையும் ஒட்டி, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008-இல் வெளியிட்டது கோ-4. அதற்குப் பின் 2012-இல் வந்தது கோ-5.

சரி, புற ஊதாக் கதிர் புல்லை என்னதான் செய்யும்?

நிழலில் வளர்த்த நாற்றைத் திடீரென்று வெளியே எடுத்து வைத்தால் இலை வெளுத்து வாடிப்போவதை நாற்றங்கால் வைத்திருப்பவர்கள் பார்த்திருப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வெயில் காட்டிப் பழக்கினால் அதே நாற்று தாங்கிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில் புற ஊதாக் கதிருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. கதிர் படுவதைச் செடி உணர்ந்துகொள்கிறது. அதற்கென்றே இலைக்குள் ஒரு புரதம் இருப்பதை விஞ்ஞானிகள் 2011-இல் உறுதி செய்தார்கள். உணர்ந்ததும், இலையின் மேல்தோலில் கதிரை உறிஞ்சிக்கொள்ளும் சில பொருட்களைச் செடி சேர்த்துவைக்கிறது. வெயிலில் போகும்போது தலையில் துண்டு போட்டுக்கொள்வது மாதிரி. இலை கொஞ்சம் தடிக்கும், கணு இடைவெளி குறையும், உயரம் சற்றுக் குறையும். தோலில் சேரும் பொருட்களில் துவர்ப்பானவையும் உண்டு. அவை சில பூச்சிகளுக்குப் பிடிப்பதில்லை என்பது செடிக்கு இலாபம். அளவுக்கு மீறினால் மாட்டுக்கும் செரிமானம் கொஞ்சம் குறையலாம்.

தமிழ்நாட்டில் இதுபற்றி ஆராய்ந்தவர்கள் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் குழந்தைவேலு குழுவினர் 1980-களிலேயே புற ஊதாக் கதிர் பயிர்களின் ஒளிச்சேர்க்கையை என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். கடலூருக்குப் பக்கத்தில், புதுச்சேரியில், ராஜேந்திரன், ராமானுஜம் இருவரும் பச்சைப்பயறில் ஆய்வு செய்து 2003-இல் வெளியிட்டார்கள். கூடுதல் கதிர் பட்ட பயறுச் செடியின் வளர்ச்சி குன்றியது. பொதுவாகவே பயறு வகைகளுக்கு இந்தக் கதிர் சற்று அதிகமாக உறைக்கும். அகன்ற இலை, கிடைமட்டமாக விரிந்து கதிரை முழுதாக வாங்குகிறது. புல்லின் இலை குறுகலாக, செங்குத்தாக நிற்பதால் உச்சி வெயில் அதன்மேல் சரிந்துதான் படும். ஆய்வுக்கூடத்தில் விளக்கு வைத்துக் கதிர் பாய்ச்சிய பழைய ஆய்வுகள் பலவற்றில் பாதிப்பு பெரிதாகத் தெரிந்தது. திறந்த வயலில் பார்த்தபோது அவ்வளவு இல்லை. விளக்கில் கதிர் அதிகம், நல்ல வெளிச்சம் குறைவு. வயலில் இரண்டும் சேர்ந்து வருவதால் செடி சமாளித்துக்கொள்கிறது.

இந்தூரில் தேவி அகல்யா பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வை இங்கே மறைக்கக் கூடாது. அவர்கள் விளக்கு வைக்கவில்லை. திறந்த வெயிலில் சோளம், கோதுமை முதலிய பயிர்களுக்கு மேல், புற ஊதாவை மட்டும் தடுத்து மற்ற வெளிச்சத்தை விட்டுவிடும் தெளிவான தாளைக் கட்டினார்கள். தாளுக்குக் கீழே இருந்த சோளம் கூடுதலாக வளர்ந்தது, இலைப் பரப்பும் கூடியது. ஆக, வெயிலிலிருக்கும் புற ஊதாவுக்குப் பயிர் ஒரு விலை கொடுக்கத்தான் செய்கிறது.

அப்படியானால் வலை போடலாமே என்று தோன்றும். இங்கேதான் கணக்கு தப்புகிறது. இந்தூர் தாள், கதிரை மட்டும் பிடித்துக்கொண்டு வெளிச்சத்தைக் கீழே அனுப்பியது. கடையில் கிடைக்கும் பச்சை நிழல்வலைக்கு அந்தப் பாகுபாடு தெரியாது. 50 சதவீத வலை என்றால் எல்லா வெளிச்சத்திலும் பாதியைத் தடுத்துவிடும். கோ-4 போன்ற புல், கரும்பு, மக்காச்சோளம், கம்பு மாதிரி, வெளிச்சம் கூடக் கூட வளரும் இனம். அதற்குப் பாதி வெளிச்சம் கொடுத்தால் தூர் குறையும், தண்டு மெலிந்து நீளும், எடை விழும். புற ஊதாவால் போவது கொஞ்சம். வலையால் போவது அதைவிடப் பல மடங்கு. 20 சென்ட் என்பது ஏறக்குறைய 810 சதுர மீட்டர். கடைக்காரர் சொல்லும் சதுர மீட்டர் விலையை 810-ஆல் பெருக்கி, கம்பம், கம்பி, ஆள் கூலியும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கிடேரி போதுமா என்பதே சந்தேகம். அவ்வளவும் செலவழித்து விளைச்சலைக் குறைத்துக்கொள்ள வேண்டியதில்லை. (தென்னந்தோப்புக்குள் தீவனம் வேண்டும் என்பவர்களுக்கு வழி வேறு. அங்கே கினியாப்புல் நிழலை ஓரளவு தாங்கும்.)

காரணம் வெயிலா, வேறா என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். வெயில் ஊர் முழுக்க ஒன்றுதான். சித்திரை மாதம் அடுத்த கொல்லையில், அல்லது வரப்பு ஓரத்திலாவது, அதே புல் பச்சையாக நின்றால் குற்றவாளி வெயில் இல்லை. கதிரால் வரும் பாதிப்பு மேலே வெயில் பார்த்து நிற்கும் இளம் இலைகளில், வயல் முழுக்க ஒரே சீராக, வெண்கல நிறத்தில் தெரியும். வாசகி சொல்வது நுனிக் கருகல். அது கீழிருக்கும் முதிர்ந்த இலைகளில் தொடங்கி, நுனியிலிருந்து ஓரத்தோடு உள்ளே வருகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் சந்தேகம் இரண்டு பேர்மேல் விழும். ஒன்று சாம்பல்சத்துக் குறைவு. இன்னொன்று தண்ணீரில் உப்பு.

முதலில் உப்பு. செம்மங்குப்பம் பக்கம் கடலும் உப்பனாறும் தூரமில்லை. கோடையில் நிலத்தடி நீர் இறங்கும்போது, மழைக்காலத்தில் நன்றாக இருந்த அதே போர் தண்ணீர் கரிக்கத் தொடங்கலாம். பங்குனி பிறந்ததும் தொல்லை ஆரம்பிக்கிறது என்று வாசகி எழுதியிருப்பது இதற்குப் பொருந்துகிறது. போரைக் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு, கழுவிய பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து, மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால் மின்கடத்துத் திறனைப் பார்த்துச் சொல்வார்கள். அந்த எண் 2.25-ஐத் தாண்டினால் உப்பு மிக அதிகம் என்று கொள்ள வேண்டும். தை மாதத்தில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை என்று இரண்டு தடவை கொடுத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். உப்புத் தண்ணீர்தான் என்று தெரிந்தால், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது கெடுதல். வேர்ப் பகுதியிலேயே உப்பு தங்கிவிடும். இடைவெளி விட்டு, நன்றாக நனையும்படி பாய்ச்சி, வடிய வழி செய்ய வேண்டும். வரிசைக்கு நடுவே சருகு, கழிவுப் புல்லைப் பரப்பினால் ஆவியாவதும் உப்பு மேலே ஏறுவதும் குறையும். மணல் கலந்த நிலத்துக்குக் கோடையில் பத்து நாளுக்கு ஒரு தண்ணீர் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது சாம்பல்சத்து. இதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். நெல்லுக்கு உரம் வைப்பார்கள். புல்லுக்கு யார் வைப்பது? ஆனால் தீவனப்புல் மாதிரி நிலத்தை உறிஞ்சும் பயிர் குறைவு. நூறு கிலோ காய்ந்த புல்லோடு ஒன்றரை, இரண்டு கிலோ சாம்பல்சத்து நிலத்தைவிட்டுப் போகிறது. மூன்று வருடம், வருடத்துக்கு ஏழெட்டு அறுப்பு. மணல் நிலத்தில் மழையோடு கரைந்து இறங்குவது வேறு. நிலம் காலியாகத்தான் செய்யும். தழைச்சத்தும் அப்படியே. ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் ஏக்கருக்கு 30 கிலோ தழைச்சத்து என்ற கணக்கில், 20 சென்டுக்கு 13 கிலோ யூரியா போட்டுத் தண்ணீர் கட்டவேண்டும். யூரியா போட்ட கையோடு அறுத்து மாட்டுக்குப் போடக் கூடாது; புல்லில் நைட்ரேட் தேங்கியிருக்கும்.

சாம்பல்சத்துக்குச் செலவில்லாத வழி கொட்டகையிலேயே இருக்கிறது. மாடு தின்ற புல்லிலுள்ள சாம்பல்சத்தில் பெரும்பகுதி சிறுநீரில்தான் வெளியேறுகிறது. சாணத்தை அள்ளிக் குப்பையில் சேர்ப்பவர்கள்கூடச் சிறுநீரைச் சாக்கடையில் விட்டுவிடுகிறார்கள். கொட்டகை கழுவும் தண்ணீரை ஒரு வாய்க்காலில் திருப்பி, பாசனத் தண்ணீரோடு கலந்து புல்லுக்கு விட்டால், நிலத்திலிருந்து போனதில் பெரும்பங்கு திரும்பி வந்துவிடும். அடுப்புச் சாம்பலும் நல்லதுதான். ஆனால் உப்பு நிலத்தில் அளவோடு.

மூன்று வருடப் புல் என்பதால் தூரையும் பார்க்க வேண்டும். நடுத்தூர் கிழடு தட்டி, காய்ந்த குச்சியாக நிற்கும். சுற்றி ஓரத்தில் மட்டும் தளிர் வரும். காய்ந்ததைக் களைந்து, தூரைக் கூறு போட்டு, மண் அணைத்தால் மறுபடி தூர் கட்டும். ஒரேயடியாகப் போனவற்றைத் தோண்டி, இரண்டு கணு உள்ள கரணைகளை 60-க்கு 50 சென்டிமீட்டர் இடைவெளியில் நடலாம். இதை ஆடி மழையோடு செய்வது சுலபம்.

மாடு பாதியை ஒதுக்குவதற்கும் புற ஊதாவைத் தேடிப் போக வேண்டாம். முதல் அறுப்பு 75, 80 நாளில்; அதற்குப் பிறகு 45 நாளுக்கு ஒருமுறை என்பது பரிந்துரை. புல் சரியாக வளரவில்லையே, இன்னும் கொஞ்சம் உயரட்டும் என்று 60, 70 நாள் விட்டுவைத்தால் தண்டு முற்றும், நார் கூடும், புரதம் குறையும். தடித்த தண்டை முழுசாகப் போட்டால் எந்த மாடும் இலையை உருவித் தின்றுவிட்டுத் தண்டை மிதித்துப்போடும். நாள் தவறாமல் அறுத்து, புல் நறுக்கும் கருவியில் சிறு துண்டாக்கிப் போட்டாலே வீணாவது பெருமளவு நின்றுவிடும். கருவி வாங்க முடியாதவர்கள் அரிவாளால் நறுக்கலாம். கை வலிக்கும், ஆனால் புல் மிஞ்சும்.

கோ-4 ஆண்டுக்கு எக்டேருக்கு 380 முதல் 400 டன் தரும் என்பது பல்கலைக்கழகக் கணக்கு. 20 சென்டுக்கு அது 32 டன் சுமார். நாளுக்கு 85 கிலோவுக்கு மேல். ஆராய்ச்சிப் பண்ணையின் கவனிப்பு வீட்டுக் கொல்லையில் வராது, பாதி கிடைத்தால்கூட இரண்டு மாட்டுக்குப் பச்சைப்புல் போதும். கோடையில் பற்றாக்குறைக்குச் சோளத்தட்டை அறுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்ணீரில்லாமல் குன்றிய இளஞ்சோளத்திலும், அறுத்த கட்டையிலிருந்து துளிர்த்த மறுதாம்புச் சோளத்திலும் நச்சு இருக்கும். பூ எடுத்த பிறகு அறுத்தால் பயமில்லை. இளஞ்சோளத்தைத் தின்று வயிறு ஊதி மாடு விழுவது ஒவ்வொரு கோடையிலும் நடக்கிறது. புற ஊதாவைவிடப் பயப்பட வேண்டியது அது.

இன்னொன்று. செம்மங்குப்பம் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர் என்பதால் ஓசோன் என்ற பேச்சு அங்கே வேறு விதத்திலும் அடிபடக்கூடும். வானத்தில் பல கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசோன் பயிருக்குக் காவல். அதே ஓசோன் தரை மட்டத்தில் உண்டானால் பயிருக்கு நஞ்சு. வண்டிப் புகையும் ஆலைப் புகையும் வெயிலில் வினைபுரியும்போது அது உண்டாகிறது. இலைமேல் பொடிப் பொடியாகப் புள்ளி விழும். கந்தக வாயு பட்டால் நரம்புக்கு இடையிலுள்ள பகுதி வெளுத்துக் கருகும். இப்படிப் பட்ட அடையாளம் புல்லில் மட்டும் இல்லாமல் முருங்கை, வாழை, வேலிச்செடி எல்லாவற்றிலும் ஒரே நாளில் தெரிந்தால், தேதி போட்டுப் படம் எடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் எழுத்தில் கொடுக்கலாம். வாசகி எழுதியிருப்பதைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் தொடங்குவது தண்ணீரைத்தான் காட்டுகிறது.

கேள்வி: சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் களத்தில் பத்துப் பதினைந்து நாள் வெயிலில் கிடந்து வெள்ளையாகிவிட்டது. சத்து போய்விட்டதா? ஒரு மாடு மூன்று தடவை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

வாசகர், சிதம்பரம் வட்டம்

நிற்கும் புல்லுக்குப் பெரிய கெடுதல் செய்யாத அதே கதிர், அறுத்துப்போட்ட தீவனத்தில் தன் வேலையைக் காட்டும். உயிருள்ள இலை தோலில் மருந்து சேர்த்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். அறுத்த இலைக்கு அந்த வசதி இல்லை. 2006-இல் தென்னமெரிக்காவில், அர்ஜென்டினாவின் படகோனியா வறண்ட நிலத்தில் செய்த ஆய்வில், காய்ந்து கிடக்கும் சருகை மக்கவைப்பதில் நுண்ணுயிர்களைவிட வெயிலுக்கே பெரிய பங்கு என்று தெரிந்தது. களத்தில் பல நாள் கிடந்த வைக்கோல் கையில் எடுத்தால் நொறுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வைக்கோலில் முதலிலிருந்தே புரதம் குறைவு. மூன்று, நான்கு சதவீதம்தான். வெயிலில் அதற்கு மேல் போவது கரோட்டின். பச்சை நிறத்தோடு சேர்ந்து இருக்கும் மஞ்சள் சத்து இது. மாட்டின் உடம்பில் இதுதான் வைட்டமின் ஏ ஆகிறது. பச்சை வெளுத்த தீவனத்தில் இது அநேகமாக இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். மாடு தன் ஈரலில் சில மாதத்துக்குச் சேமித்துவைத்திருக்கும். தை மாதம் முதல் வெறும் வைக்கோலும் தவிடும் மட்டும் தின்ற மாட்டுக்குச் சித்திரை, வைகாசியில் அந்தச் சேமிப்பு தீர்ந்துபோகும். அந்தி மங்கியதும் மாடு தடுமாறுவது, கண்ணில் நீர் வடிவது, கன்று வலுவில்லாமலோ பார்வைக் குறையோடோ பிறப்பது, சினை பிடிக்காமல் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வருவது எல்லாம் இதன் அடையாளங்களாக இருக்கலாம்.

வீட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது. பசு நெய்யின் மஞ்சள் நிறம் கரோட்டினால் வருவது. மழைக்காலத்தில் பச்சை தின்ற பசுவின் நெய்க்கும் கோடையில் வைக்கோல் தின்ற அதே பசுவின் நெய்க்கும் நிறம் வேறுபடும். நெய் வெளுத்தால் தீவனத்தில் பச்சை போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். எருமை நெய்யில் இது தெரியாது. எருமை கரோட்டினை முழுக்க வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுவதால் அதன் நெய் என்றைக்கும் வெள்ளைதான்.

சினை நிற்காததற்குக் காரணம் பல. கருப்பை நோய், தாது உப்புக் குறைவு, ஊசி போட்ட நேரம் தப்பியது என்று எதுவாகவும் இருக்கலாம். கால்நடை உதவி மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் நான்காவது ஊசி. அதற்குள் தினமும் ஐந்து கிலோவாவது பச்சை கொடுத்து வரலாம். புல் இல்லாவிட்டால் அகத்தி, வேலிமசால், கல்யாண முருங்கை, கிளைரிசிடியா என்று வேலியில் எது இருக்கிறதோ அது. தாது உப்புக் கலவை தினமும் 30 முதல் 50 கிராம். கம்பு-நேப்பியர் புல்லிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால், புல் தாராளமாகக் கிடைக்கும் வீட்டிலும் தாது உப்பு அவசியம்.

வெயிலில் காய்வதால் ஒரு நன்மையும் உண்டு. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ஹாரி ஸ்டீன்பாக், 1924 வாக்கில், புற ஊதாக் கதிர் படும் உணவிலும் தீவனத்திலும் எலும்பை வலுவாக்கும் சத்து உண்டாவதைக் கண்டுபிடித்தார். அதுதான் வைட்டமின் டி. பனி கொட்டும் நாடுகளில் ஆறு மாதம் கொட்டகைக்குள் அடைந்து கிடக்கும் மாட்டுக்கு, வெயிலில் காய்ந்த புல் அதனால்தான் பெரிய சத்தாக இருந்தது. சிதம்பரத்து மாட்டுக்கு அந்தக் கவலை இல்லை. வெளியே மேயும் மாட்டின் தோலிலேயே அந்தச் சத்து உண்டாகிவிடும். இங்கே வெயில் தரும் டி தேவைக்கு மேல் இருக்கிறது. வெயில் எடுத்துக்கொள்ளும் கரோட்டின்தான் பற்றாக்குறை.

எனவே இனி வைக்கோல் காய்ந்ததும் போர் போட்டுவிட வேண்டும். ஈரத்தோடு போட்டால் பூஞ்சை பிடிக்கும் என்பதால் காய்வது முக்கியம், காய்ந்த பிறகு களத்தில் கிடப்பது வீண். போரின் மேல்படலம் வெளுத்தாலும் உள்ளே இருப்பது தப்பும். வேலிமசால், காராமணிக் கொடி போன்ற பயறு வகைத் தீவனத்தை உலர்த்துபவர்கள் முதல் நாள் வெயிலில் வாட்டி, பிறகு நிழலில் உலர்த்தினால் பச்சை நிறமும் இலையும் தங்கும். முழுநாள் வெயிலில் போட்டால் இலை உதிர்ந்து குச்சிதான் மிஞ்சும். கோ-4 மாதிரி தடித்த தண்டுப் புல் உலர்த்தச் சரிப்படாது. மழைக்காலத்தில் மிஞ்சும்போது நறுக்கி, மிதித்துக் காற்றை வெளியேற்றி, ஊறுகாய்ப் புல்லாக மூடிவைத்தால் கரோட்டின் பெரும்பாலும் தங்கியிருக்கும். அந்த மூட்டைக்கு மட்டும் வெயில் ஆகாது. சாதாரண பாலித்தீன் தாள் வெயிலில் சில மாதத்திலேயே இற்று வெடிக்கும். ஒரு சிறு ஓட்டை வழியாகக் காற்று புகுந்தால் உள்ளே பூஞ்சை. நிழலில் வைக்க இடமில்லாதவர்கள் மேலே பழைய சாக்கும் ஓலையும் போட்டு மூடலாம்.

கேள்வி: கலப்பின மாட்டுக்கு வெள்ளையாக இருக்கும் இடத்தில் மட்டும் தோல் சிவந்து உரிகிறது. கறுப்பு இடத்தில் ஒன்றும் இல்லை. வெயில் சுட்டதா?

வாசகர், குறிஞ்சிப்பாடி

வெயில்தான் சுட்டது, ஆனால் வெயிலைத் தூண்டிவிட்டது வேறு. மேய்ச்சலில் உண்ணிச்செடி தின்றிருக்க வாய்ப்பு அதிகம். மஞ்சளும் சிவப்புமாகக் கொத்துப் பூ பூத்து, கசக்கினால் நெடி அடிக்கும் செடி. அதிலுள்ள நச்சு ஈரலைக் கெடுக்கிறது. தின்ற பச்சையிலிருந்து உண்டாகும் ஒரு பொருளை ஈரல் வெளியேற்ற முடியாமல், அது இரத்தத்தோடு தோலுக்கு வந்துவிடுகிறது. நிறமில்லாத வெள்ளைத் தோலில் ஒளி பட்டதும் அங்கே வெந்துபோகிறது. கண்ணும் வாய் உள்ளும் மஞ்சளாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாட்டை உடனே இருட்டான கொட்டகையில் கட்டி, அந்த மேய்ச்சலை நிறுத்தி, அன்றைக்கே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். தோலுக்கு மட்டும் மருந்து தடவிக்கொண்டு காத்திருந்தால் ஈரல் போய்விடும். குணமான பிறகும் சில வாரம் காலையில் வெயில் ஏறும் முன்பும் மாலையிலும் மட்டும் வெளியே விடுவது நல்லது.